நாய் ஓடையில் விட்டுவிட்டது

ஆர்டிஸ் கோலர் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்ள ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. பின்னால் நின்று பார்த்தால் அது நன்றாகவே தெரியும். அதற்கு முன் பதினோரு வருஷம், மாதம் தவறாமல், டானெட்டின் கடையில்தான் வெட்டிக்கொள்வாள். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் புருஷன் வெண்டல் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான், எதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், பொய் சொல்லும்போது எந்தக் காதைத் தடவுகிறான் என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். டானெட் கத்தரியை ஓட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டு முடித்ததும் வெண்டலையே எடுத்துக்கொண்டாள். இத்தனையும் தெரிந்த பிறகும் ஒருத்தி அவனை எடுத்துக்கொண்டாளே என்று நோல்டன் பள்ளம் என்கிற எங்கள் ஊரில் நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்க வியந்தோம். விஸ்கான்சினில் குளிர்காலம் நீளம். வியக்க நேரம் நிறைய.

விவாகரத்தில் வீடும் எண்பது ஏக்கரும் வெண்டலிடமே நின்றன. ஆர்டிஸுக்கு வந்தவை ஓடைக்கு இந்தப் பக்கம் சக்கரம் கழற்றிய ஒரு டிரெய்லர் வீடு, துருப்பிடித்த பிக்கப் வண்டி, ஹில்டா என்கிற நாய். டாஷண்ட் ஜாதி. முரட்டு முடி, தாடி, வயிறு தரையைத் துடைக்கிற அளவுக்குக் குட்டைக் கால். பாவம், கடைசியில் ஒரு நாயைக் கொடுத்து அனுப்பிவிட்டான் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அந்த நாயின் மூக்கு எண்பது ஏக்கருக்குச் சமம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அம்பு பட்ட மான் நின்ற இடத்தில் விழாது. அது ஓடும். எவ்வளவு தூரம் ஓடும் என்பது அம்பு எங்கே பட்டது என்பதைப் பொறுத்தது. ரத்தத் துளி தெரிகிற வரைக்கும் அடித்தவன் தேடுவான். துளி நின்றுவிட்டால் ஆர்டிஸுக்குப் போன் அடிப்பான். நீளமான தோல்வாரில் ஹில்டாவைக் கட்டி, காய்ந்த இலைகளுக்குள் அது மூக்கை உழுதுகொண்டு போக, ஆர்டிஸ் பின்னால் போவாள். ஐந்து வேட்டைப் பருவத்தில் அறுபத்தொரு மான். ஒவ்வொன்றுக்கும் அடித்தவன் ஓக் மரத்தில் ஒரு சின்னக் கிளையை ஒடித்து நாயின் கழுத்துப் பட்டையில் செருக வேண்டும். இங்கே குடியேறிய ஜெர்மன்காரர்கள் விட்டுப்போன வழக்கம். அந்த அறுபத்தொரு கிளைகளும் காய்ந்து சருகாகி ஆர்டிஸின் சமையலறையில் ஒரு ஊறுகாய் ஜாடியில் நிற்கின்றன.

விவாகரத்தின்போது ஊரில் முக்கால்வாசிப் பேர் வெண்டல் பக்கம். அவன்தான் பாரில் எல்லோருக்கும் வாங்கித் தருவான். ஆனாலும் செப்டம்பரில் வில்வேட்டை தொடங்கியதும் அந்த முக்கால்வாசிப் பேரும் ஆர்டிஸுக்குத்தான் போன் செய்தார்கள். அவளிடம் பொய்யும் சொன்னார்கள். எங்கே பட்டது என்று கேட்டால், ரெண்டு நுரையீரலும் என்பார்கள். எவ்வளவு தூரம் என்றால், இருபது கஜம். எவ்வளவு நேரம் பொறுத்தாய் என்றால், நாலு மணி நேரம். இந்த மூன்று கேள்விக்கும் இந்த ஊரில் இதுவரை யாரும் உண்மை சொன்னதில்லை. காட்டுக்குள் அரை மணி நேரம் போனால் நாய் உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் ஆர்டிஸ் வெளியே ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் தொழிலே அந்த வாய்ப்பூட்டில்தான் ஓடியது. முடிவெட்டும் நாற்காலியில் கற்ற பாடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹில்டா ஜூன் மாதம் செத்துப்போனது. இப்போது இருப்பது ஃப்ரீடா, அதன் தங்கை வயிற்றுப் பேத்தி, இரண்டு வயது. இது பூனையைக் கண்டால் வண்டிக்கு அடியில் போய்விடும் என்று பாரில் பேசிக்கொண்டார்கள். செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. ஒரு போன் வரவில்லை. நவம்பர் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் வந்தது. கேலன்.

கேலன் ப்ரெக்கி பால் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன். ஆர்டிஸ் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்று மோதிரத்தைத் தொலைத்தவன். வெண்டலுக்குப் பக்கத்து நிலத்துக்காரன், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. மூன்று வருஷமாக இருவரும் ஒரே கலைமானுக்குக் குறி வைத்திருந்தார்கள். கொம்பு இரண்டும் நெட்டுக்கு நின்று பிஷப்பின் தொப்பி மாதிரி மேலே கூடுகிற விதத்தைப் பார்த்து அதற்கு பிஷப் என்று பேர் வைத்தது கேலன். மரத்தில் கட்டிய கேமராவில் அது விழுந்த படங்களைப் பேரப்பிள்ளைகளின் படம் மாதிரி பாரில் நீட்டுவார்கள்.

“ரெண்டு நுரையீரலும், ஆர்டிஸ். சத்தியமா. இருபது கஜம். கண்ணை மூடிட்டு அடிச்சாலும் விழுந்திருக்கும்.”

“கண்ணை மூடிட்டுத்தான் அடிச்சியா?”

“காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா?”

“ரெண்டு நுரையீரல்லயும் பட்ட மான் நூறு கஜம் தாண்டாது கேலன். அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுற?”

கேலன் தொண்டையைச் செருமினான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “பிஷப்பு” என்றான். “நேத்து பார்ல வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துல யார்கிட்டயும் பேரைச் சொல்லல. பெருசு ஒண்ணு அடிச்சிருக்கேன்னு மட்டும் சொன்னேன். கொம்பு கைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு.”

ஆர்டிஸ் போனை வைத்துவிட்டு ஃப்ரீடாவைப் பார்த்தாள். ஃப்ரீடா ஏற்கனவே தோல்வார் தொங்கும் கொக்கிக்குக் கீழே போய் நின்றுகொண்டிருந்தது. பிஷப்பைக் கண்டுபிடித்தால் போதும். ஒரே ராத்திரியில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், ஜனவரி வரைக்கும் போன் ஓயாது. தவறவிட்டால் அதுவும் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். அவளைத் தேடி யாராவது வருவது அந்த நாலு மாதம்தான். மற்ற எட்டு மாதமும் அந்த டிரெய்லர் பக்கம் தபால்காரன் வருவதோடு சரி.

கேலனின் காட்டோரம் பனி விறைத்து, இலை ஒவ்வொன்றும் மிதித்தால் நொறுங்கியது. கேலன் அம்பை நீட்டினான். பளபளவென்று இருந்தது.

“கழுவிட்டியா?”

“காஞ்சா ஒட்டிக்கும்ல.”

“இத்தனை வருஷமா வேட்டையாடுற. அம்பைக் கழுவிட்டு வந்து நாயைக் கூப்பிடுற. கத்தியைக் கழுவி வச்சுட்டு போலீசைக் கூப்பிடற மாதிரி.”

அம்பின் வால்பக்கம், இறகு ஒட்டின இடுக்கை அவள் மூக்கருகே கொண்டுபோனாள். எத்தனை கழுவினாலும் அந்த இடுக்கில் நாற்றம் நிற்கும். அரைத்த புல், புளித்துப்போன சோளம். குடல். நுரையீரலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்பை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“எவ்வளவு நேரம் பொறுத்த?”

“ராத்திரி பூரா. பரண்லேருந்து இறங்கினேன், நேரா வண்டிக்குப் போனேன். உள்ள ஒரு அடி வைக்கல.”

குடலில் பட்ட மான் கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும். பத்து மணி நேரம் அதை அதன் பாட்டுக்கு விட்டால் படுத்த இடத்திலேயே முடிந்துபோகும். அவசரப்பட்டு உள்ளே போனால் எழுந்து ஓடும். அப்புறம் அது எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. இதை இந்த ஊரில் பிள்ளைகள் பைபிள் வசனத்துக்கு முன்னாலேயே மனப்பாடம் செய்கின்றன. பொறுத்து உட்கார மட்டும் எந்த ஆம்பளைக்கும் முடிவதில்லை.

ஃப்ரீடா முதல் ரத்தத் துளியை நக்கிப் பார்த்தது. தாடியில் இலை ஒட்டிக்கொள்ள, தலையைக் குனிந்தது. பிறகு இழுத்தது. ஆர்டிஸின் கையில் வார் இறுகியது. ஐந்து மாதமாக அவள் இடுப்பில் உட்கார்ந்திருந்த கவலை கொஞ்சம் இறங்கியது. வாரின் இழுப்பிலேயே தெரிந்துவிடும். விளையாட்டு நாயின் இழுப்பு வேறு, வேலைக்கார நாயின் இழுப்பு வேறு.

இருநூறு தப்படியில், ஒரு பள்ளத்தில், மான் படுத்திருந்த இடம் வந்தது. புல் நசுங்கி, நடுவில் கருஞ்சிவப்பாக உறைந்த ரத்தம். பக்கத்து முள்செடியில் டாய்லெட் காகிதம் ஒரு துண்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் பார்த்த இடத்தை அடையாளம் வைக்க எல்லோரும் கிழித்துக் கிழித்து மாட்டுவது அதைத்தான். யாரோ திரும்பி வரும்போது மற்றதையெல்லாம் பொறுக்கிவிட்டு, இதை மட்டும் விட்டிருந்தார்கள்.

ஆர்டிஸ் காகிதத்தைப் பார்த்தாள். கேலன் வானத்தைப் பார்த்தான்.

“என்னுது இல்ல” என்றான்.

“மான் கொண்டுவந்திருக்கும்.”

“ஆர்டிஸ்…”

“குடல் சரியில்லைன்னா தேவைப்படும்ல, பாவம்.”

கேலனின் கழுத்து சிவந்தது. “அரை மணி நேரந்தான் பொறுத்தேன்” என்றான் கடைசியில். “பிஷப்பு ஆர்டிஸ். பிஷப்பு அங்க கிடக்கும்போது எவனால வண்டியில உட்கார முடியும்? எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். எழுந்து ஓடுச்சு. அது திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே…” அவன் அதை முடித்திருந்தால் அவள் அவனைக் கொஞ்சம் மன்னித்திருப்பாள். “யார்கிட்டயும் சொல்லிடாத” என்றுதான் முடித்தான்.

“இதுவரைக்கும் சொல்லியிருக்கேனா?”

தடம் வேலியில் போய் நின்றது. மேல் கம்பியில் வெள்ளை வயிற்றுமுடி ஒரு கொத்து. அந்தப் பக்கம் வெண்டலின் நிலம். அந்த வேலிக் கால்களை நட்டது ஆர்டிஸ். கல்யாணமாகி மூன்றாவது வசந்தம், கை கொப்புளிக்க. இப்போது அதைத் தாண்ட வேண்டுமானால் வெண்டல் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். அது சட்டம்.

“நீ போய்க் கேளேன்” என்றான் கேலன்.

“மான் உன்னுது.”

“நான் கேட்டா என்னத்த அடிச்சே, எங்க அடிச்சேன்னு நோண்டுவான். நேத்தே பார்ல, எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டான். நீ கேட்டா தொல்லை விட்டாப் போதும்னு சரின்னுடுவான்.”

ஃப்ரீடா வேலிக்கு அடியில் மூக்கை நுழைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஆர்டிஸ் போனாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசற்படியில் ஏறினாள். கதவுக்குப் புது வண்ணம், வாத்து முட்டை நீலம். டானெட் திறந்தாள். முதலில் அவள் கண் போனது ஆர்டிஸின் தலைக்குத்தான், தொழில் பழக்கம்.

“இப்ப யார்கிட்ட வெட்டிக்கறே?”

“வெளியூர்ல.”

“பின்னாடி ஒரு பக்கம் ஏத்தமா இருக்கு.”

“அங்க அதுதான் நாகரிகம். வெண்டல் இருக்கானா?”

வெண்டல் அவளுக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு வந்தான். முகம் அப்போதுதான் சவரம் செய்தது மாதிரி மினுங்கியது. ஆர்டிஸையும் நாயையும் பார்த்ததும் ஒரு வினாடி கோப்பை நின்றது. அப்புறம் சிரித்தான்.

“கேலன் எதையோ தொலைச்சுட்டானா? தேடிக்க, தேடிக்க. ஓடை வரைக்கும் போ. அதுக்கு மேல வேண்டாம், மாடு மேயுது.” இடது கை மேலே போய்க் காது மடலைத் தடவியது. “நான் காலையிலேருந்து ஒண்ணையும் பாக்கல.”

மாட்டை விற்று நாலு வருஷம் ஆகிறது. ஊருக்கே தெரியும்.

கேலனும் கூட வர, வேலியிலிருந்து மறுபடி தடம் பிடித்த ஃப்ரீடா ஓடையில் நிற்கவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, அந்தக் கரையில் ஏறி, உடம்பை உதறி, சுற்றிச் சுற்றி மோந்து, ஒரு சாய்ந்த எல்ம் மரத்தடிக்கு இழுத்துப் போனது. அங்கே புல் பெரிதாக நசுங்கியிருந்தது. முடி. உறைந்த ரத்தம். அங்கிருந்து எதையோ கட்டி இழுத்துப்போன தடம். இரண்டு பக்கமும் நாலு சக்கர மோட்டார் பைக்கின் டயர் தடம், பனி விழுந்த பிறகு பதிந்தது. அதைத் தொடர நாய்கூடத் தேவையில்லை. ஆனாலும் ஃப்ரீடா ஒவ்வொரு அடியையும் முறைப்படி மோந்துகொண்டே, மேட்டிலிருந்து இறங்கி, வெண்டலின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக் கதவில் போய் நின்றது. பூட்டு தொங்கியது. ஃப்ரீடா முன்னங்காலால் தகரத்தைப் பிறாண்டி, தலையைத் தூக்கி ஊளையிட்டது. ஹில்டாவும் இப்படித்தான் ஊளையிடும். ஆர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு டானெட் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். “அட, மோப்பம் பிடிச்சுடுச்சே! காலைல வெண்டல் பிஷப்ப அடிச்சுட்டாரு, சொல்லலையா? விடிஞ்சும் விடியாம. இருபத்திரெண்டு கஜம், இருதயத்துல. போட்டோகூட எடுத்தாச்சு.” அவள் முகத்தில் கள்ளமே இல்லை. கேலன் முகத்தில் ரத்தமே இல்லை.

வெண்டல் மெதுவாக நடந்து வந்தான்.

“அது என் மான்டா” என்றான் கேலன்.

“அப்படியா?”

“நேத்து சாயங்காலம் நான் அடிச்சது. தெரிஞ்சேதான் விடியறதுக்கு முந்தி போய்ப் பொறுக்கியிருக்க.”

“சரி, உன்னுதுன்னே வச்சுக்குவோம். எங்க அடிச்ச?”

கேலன் மறுபடி வானத்தைப் பார்த்தான்.

“பாருக்கு முன்னாடி கம்பத்துல தொங்க விடுவோமா?” என்றான் வெண்டல். “எல்லாரும் வந்து பாக்கட்டும். உன் ஓட்டை எங்க இருக்குன்னு பாக்கட்டும். நேத்து மீன் வறுவலுக்கு நடுவுல ரெண்டு நுரையீரலும்னு சொன்னியே, மானுக்கு நுரையீரல் தொடைக்குப் பக்கத்துல இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

“ரெண்டு ஓட்டையும் நான் பாக்கறேன்” என்றாள் ஆர்டிஸ்.

அதுவரைக்கும் அவர்கள் அவளை மறந்திருந்தார்கள். இப்போது இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். செத்த மானில் செருகின அம்பின் துளையில் ரத்தம் வராது. காய்ந்த உதடு மாதிரி இருக்கும். ஆர்டிஸுக்கு அது தெரியும் என்று வெண்டலுக்குத் தெரியும். அவள் அறுபத்தொரு மானைப் பார்த்தவள். ஒருவன் தன் துளையை மறைக்க வேண்டும், இன்னொருவனும் தன் துளையை மறைக்க வேண்டும். இரண்டு துளையும் ஒரே தோலில் இருந்தன.

அதன்பிறகு எல்லாம் வெகு சீக்கிரம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்த நாளிலிருந்து கூடிப் பொய் ஜோடிப்பது அவர்களுக்குப் பழக்கம். டானெட்டை வெண்டல் காப்பி போட உள்ளே அனுப்பினான். கொம்பும் தலையும் வெண்டலுக்கு. கறியில் பாதி கேலனுக்கு. குடல் உடைந்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டால் மிச்சம் சாசேஜுக்கு ஆகும். ஊருக்குச் சொல்ல, கேலன் நேற்று அடித்தது வேறு மான். நல்ல அடி, இரண்டு நுரையீரலும்.

“அப்ப அது எங்க போச்சு?” என்றாள் ஆர்டிஸ்.

இருவரும் கீழே பார்த்தார்கள். ஃப்ரீடா வாலை ஆட்டியது.

“சின்ன நாய்தானே” என்றான் கேலன். “முதல் தடவை. ஓடையில தடத்தை விட்டுடுச்சுன்னு சொன்னா யாரு என்ன சொல்லப் போறாங்க? நாய்க்கு என்ன மானமா போகுது?”

“எனக்குப் போகும்.”

“உனக்கு என்ன ஆர்டிஸ்…” என்று ஆரம்பித்த வெண்டல் நல்லவேளையாக அதை முடிக்கவில்லை.

ஆர்டிஸ் கதவைப் பார்த்தாள். ஃப்ரீடா தகரத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டி மூக்கை உள்ளே விட முயன்றுகொண்டிருந்தது. இளம் நாய்க்கு முதல் தடத்தின் முடிவில் மான் கிடைத்தே ஆக வேண்டும். வாய் வைக்க வேண்டும், முடியைப் பிடுங்க வேண்டும், நான்தான் பிடித்தேன் என்று உறும வேண்டும். இத்தனை தூரம் இழுத்து வந்து, பூட்டின கதவிலிருந்து பிடித்து இழுத்துப்போனால், அடுத்த தடவை பாதி வழியில் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் அது வெறும் குட்டைக்கால் நாய்.

“கதவைத் திற” என்றாள். “அஞ்சு நிமிஷம் இது வாய் வைக்கட்டும்.”

“நீ சொன்னா திறக்கறேன்.”

“என்ன சொல்லணும்?”

“என்ன சொல்லணும்னு உனக்கே தெரியும்.”

பாருக்குப் போய், ஓக் கிளையை மேஜையில் வைத்து, நடந்ததை அப்படியே சொல்லலாம். நம்புவார்களா? வெண்டலின் பழைய பெண்டாட்டி, வெண்டலின் மானைப் பற்றி. அவள் வாயைத் திறக்கும் முன்பே தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நம்பினாலும் அதற்கப்புறம் ஒருவன் அவளைக் கூப்பிடுவானா? அடித்த இடத்தை வெளியே சொல்லிவிடுகிற நாய்க்காரியை?

“நாய் ஓடையில விட்டுடுச்சு” என்றாள் ஆர்டிஸ். “சொல்லிட்டேன். திற.”

பிஷப் உள்ளே உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியது. கொம்பு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. படத்தில் பார்த்ததைவிட உடம்பு சின்னது. ஃப்ரீடா பாய்ந்து கழுத்து மயிரைக் கவ்வி, கால்களை அகட்டி ஊன்றி, தன்னைவிட இருபது மடங்கு பெரியதை உலுக்க முயன்றது. உறுமலில் அவ்வளவு சந்தோஷம். ஆர்டிஸ் குனிந்து, “நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு” என்று அதன் காதில் சொன்னாள். கேலனைப் பார்த்தாள். ஓக் மரம் கொட்டகை வாசலிலேயே நின்றது. கேலன் கை இரண்டையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கறியை எந்தப் பக்கம் வெட்டினால் நஷ்டமில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

டானெட் காப்பித் தட்டோடு வந்து வாசலில் நின்றாள். கொஞ்ச நேரம் மானையே பார்த்தாள். “ஏங்க, இந்தப் பக்கம் இவ்வளவு ரத்தம் இருக்கு. உங்க அம்பு பட்ட ஓட்டையில மட்டும் ஏன் ஒரு பொட்டு இல்ல?”

“இருதயத்துல பட்டா அப்படித்தான். எல்லாம் உள்ளயே தங்கிடும்” என்றான் வெண்டல். இடது கை மேலே போனது. காது மடலைத் தடவியது.

டானெட் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, ஆர்டிஸைப் பார்த்தாள். அந்தக் காதைப் பற்றி அவளுக்குச் சொன்னது யார் என்று இருவருக்கும் தெரியும். ஆர்டிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “காப்பி நல்லா இருக்கு” என்று சொல்லி, நாயை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் கேலன் சொன்ன கதையை நாங்கள் எல்லோரும் கேட்டோம். நன்றாகவே சொன்னான். நாய் ஓடைக்கரையில் உட்கார்ந்து தன் முகத்தைத் தண்ணீரில் பார்த்துப் பயந்து ஓடியதாக நடித்துக் காட்டினான். வெண்டல் சிரித்து, எல்லோருக்கும் பிராந்தி வாங்கிக் கொடுத்தான். பிஷப்பின் தலை பாடம் செய்யப் போயிருந்தது; வந்ததும் பாரிலேயே மாட்டுவதாகப் பேச்சு. டானெட் அன்றைக்குச் சிரித்தாளா என்று கவனித்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

உண்மை எப்படி வெளியே வந்தது என்று கேட்காதீர்கள். தோலுரித்தவன் ஒருவன், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன் ஒருவன், முடிவெட்டிக்கொள்ளப் போனவள் ஒருத்தி. நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் திருநாள் வருவதற்குள் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் ஒன்றும் மாறவில்லை. தண்ணீரில் முகம் பார்த்துப் பயந்த நாயின் கதை அதைவிட நல்ல கதை. சொன்னால் சிரிக்கலாம், யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

நவம்பர் முழுக்க ஆர்டிஸின் போன் அடிக்கவில்லை. ஃப்ரீடா தினமும் காலையில் கொக்கிக்குக் கீழே போய் நிற்கும். பத்து மணிவாக்கில் தானே வந்து படுத்துக்கொள்ளும். ஜாடியில் அறுபத்திரண்டாவதாக ஒரு ஓக் கிளை நின்றது. ஒடித்தது யார் என்று கேட்க அங்கே யார் போகிறார்கள்?

டிசம்பர் இரண்டாம் வாரம், கணுக்கால் பனியில், மதியம் ஒரு மணிக்குப் போன் அடித்தது. வெண்டல்.

“ஆர்டிஸ், ஒரு கலைமான் அடிச்சிருக்கேன். மேட்டுக்காட்டுல தடம் விட்டுப்போச்சு.”

அவள் இதற்காக ஒரு வாக்கியம் தயார் செய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. பாத்திரம் கழுவும்போது, விறகு அடுக்கும்போது, பல தினுசில் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

“என் நாய்க்குத்தான் மூக்கே இல்லையே வெண்டல்.”

சொல்லி முடித்ததும் அது அவ்வளவு பெரிதாக இல்லை.

“அதெல்லாம் பார்ல பேசறது” என்றான் வெண்டல். “அது எப்பேர்ப்பட்ட நாய்னு எனக்குத் தெரியாதா?”

அதற்குள் ஃப்ரீடா போய் நின்றுவிட்டது. கொக்கியைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, கொக்கியைப் பார்த்தது. மேட்டுக்காட்டில் எங்கேயோ, பனியில், ஒன்று படுத்துக்கொண்டு காத்திருக்கும்.

“எங்க பட்டது?”

“ரெண்டு நுரையீரலும்.”

“எவ்வளவு தூரம்?”

“இருபது கஜம்.”

“எவ்வளவு நேரம் பொறுத்த?”

“நாலு மணி நேரம். சத்தியமா.” அவன் காதைத் தடவுவது போனிலேயே கேட்டது. “ஆர்டிஸ், கல்குவாரிப் பாதையா வந்துடு. முன்பக்கமா வேண்டாம். டானெட் வீட்ல இருக்கா. பாருக்குப் போற ஆளுங்களும் பாத்தா, ஒரு மாதிரி…”

ஆர்டிஸ் தோல்வாரை எடுத்தாள்.

அன்று மதியம் கல்குவாரிப் பாதையில் துருப்பிடித்த ஒரு பிக்கப் மெல்ல ஏறிப் போனதைக் குறைந்தது மூன்று வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தோம். முன் இருக்கையில் தாடி வைத்த ஒரு சின்னத் தலை, நிமிர்ந்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கை காட்டவில்லை. காட்டினால் பார்த்ததாக ஆகிவிடும்.